பிழைத்தால் மட்டும் போதாது

தீக்காய சிகிச்சைக்கு இரண்டு கட்டங்கள் உண்டு. முதல் கட்டத்தில் உயிரைக் காக்கிறார்கள்: உடல் இழந்த நீரை ஈடுகட்டுவது, நோய்த்தொற்றைத் தடுப்பது, வெந்த தோலை நீக்கி வேறிடத்துத் தோலை எடுத்து ஒட்டுவது. மருத்துவமனைக்குள் வாரக்கணக்கில் நடந்து முடியும் வேலை இது. இரண்டாம் கட்டத்தில் அந்த உயிர் மறுபடியும் கையைத் தூக்கவும், வேலைக்குப் போகவும், கண்ணாடியைப் பார்க்கவும், நாலு பேர் நடுவே உட்காரவும் பழகுகிறது. இது வீட்டிலும் தெருவிலும் ஆண்டுக்கணக்கில் நடப்பது. முதல் கட்டத்துக்குச் சென்னையில் பெயரும் முகவரியும் உண்டு. மயிலாப்பூரில் புடவை பற்றினாலும், தி.நகரில் சிலிண்டர் வெடித்தாலும், அடையாறில் மின்கம்பி தாக்கினாலும் முதலில் வாயில் வருவது கீழ்ப்பாக்கம் அரசு மருத்துவமனையின் 'கே.எம்.சி. பர்ன்ஸ் வார்டு'தான். இரண்டாம் கட்டத்துக்கு அப்படி ஊரறிந்த முகவரி எதுவும் இல்லை. அதன் தேவையையே மறுக்கும் ஒரு கருத்து பரவலாக நிலவுவதுதான் இதற்கு முதல் காரணம்.

அந்தக் கருத்து சொல்வது இது: உயிர் பிழைத்ததே பெரிது. புண் ஆறிவிட்டது, இனி வீட்டில் ஓய்வாக இருந்தால் போதும். தழும்பு இருக்கத்தான் செய்யும். மனக்கவலையைக் காலம் ஆற்றும். நடந்ததைக் கிளறாமல் விடுவதே நல்லது. மிச்சமுள்ள பணத்தையும் படுக்கையையும் அடுத்து வரும் உயிருக்குச் செலவிடுவதே நியாயம்.

இதைச் சொல்பவர்கள் கொடியவர்கள் இல்லை. உடலில் பாதி வெந்தவர் பிழைப்பது அரிதாக இருந்த காலம் இன்னும் பலர் நினைவில் இருக்கிறது. தீக்காயம் என்றதும் உறவினர் கேட்கும் முதல் கேள்வி 'எத்தனை பர்சன்ட்?' என்பதே. அந்த எண்ணை வைத்துக்கொண்டு பல வாரங்கள் வார்டு வாசலில் காத்துக்கிடந்த குடும்பத்துக்கு டிஸ்சார்ஜ் நாள் பெரும் விடுதலை. தீபாவளியை ஒட்டி வார்டு நிரம்பும்போது மருத்துவர் அடுத்தவருக்குப் படுக்கையை ஒழித்துத் தரத்தான் வேண்டும். கடன் வாங்கியும் கூலி இழந்தும் வந்த குடும்பத்திடம் இன்னும் இரண்டு ஆண்டு சிகிச்சை பாக்கி என்று சொல்ல யாருக்கும் நா எழாது. காரணங்கள் உண்மையானவை. அவற்றிலிருந்து எடுக்கும் முடிவுதான் தவறு. அந்தத் தவறு உடலியலிலும் உளவியலிலும் சட்டத்திலும் கணக்கிலும் ஒருசேர வெளிப்படுகிறது.

முதலில் அளவைப் பார்க்க வேண்டும். மத்திய அரசின் தேசியத் தீக்காயத் தடுப்பு, மேலாண்மைத் திட்டம் முன்வைக்கும் மதிப்பீட்டின்படி இந்தியாவில் ஆண்டுக்கு ஏறத்தாழ 70 லட்சம் பேருக்குத் தீக்காயம் ஏற்படுகிறது. 1.4 லட்சம் பேர் இறக்கிறார்கள். 2.4 லட்சம் பேர் ஊனத்தோடு எஞ்சுகிறார்கள். இறப்பவர்களைவிட ஊனத்தோடு வீடு திரும்புகிறவர்கள் ஆண்டுக்கு ஒரு லட்சம் பேர் அதிகம். 'பிழைத்ததே போதும்' என்ற வாதம் இந்தப் பெரிய எண்ணைக் கணக்கிலேயே சேர்ப்பதில்லை.

1. 'புண் ஆறிவிட்டது'

ஆறியது எது? மேலே தோல் மூடி, நீர் வடிவது நின்றிருக்கிறது. டிஸ்சார்ஜ் சீட்டில் எழுதப்படும் 'ஆறிய காயம்' இவ்வளவே. அடித்தோல்வரை வெந்த இடத்தில் உடலால் பழைய தோலைத் திரும்ப உண்டாக்க முடியாது. கொலாஜன் என்ற நார்ப்புரதத்தைத் தாறுமாறாக நிரப்பி இடைவெளியை அடைக்கிறது. இந்தத் தழும்பு தடிக்கத் தொடங்குவதே பெரும்பாலும் நோயாளி வீடு போய்ச் சேர்ந்த பிறகுதான். முதல் ஆறு மாதங்களில் அது சிவந்து, புடைத்து, கெட்டிப்படுகிறது. வெளுத்து, தணிந்து, இளகுவதற்கு ஒன்றரை ஆண்டிலிருந்து இரண்டு ஆண்டுவரை ஆகும்.

அந்த மாதங்களில் தழும்பு சும்மா இருப்பதில்லை. அதிலுள்ள செல்கள் நாலா பக்கமிருந்தும் தோலை உள்நோக்கி இழுக்கின்றன. மூட்டின் மேல் இந்த இழுப்பு விழுந்தால் மூட்டு மடங்கிய நிலையிலேயே இறுகுகிறது. டிஸ்சார்ஜ் அன்று நிமிர்ந்திருந்த கழுத்து சில மாதங்களில் மார்போடு ஒட்டிப்போகலாம். கீழுதடு இழுபட்டு வாய் மூடாமல் எச்சில் வடியலாம். அக்குள் இறுகினால் தலை வாரவும் ரவிக்கை போடவும் பேருந்துக் கம்பியைப் பிடிக்கவும் கை எழாது. விரல்கள் உள்ளே மடங்கினால் கரண்டியும் பேனாவும் கைக்கு வராது. வார்டில் உயிரைக் காத்த மருத்துவத்தின் பலன் வீட்டில் இப்படிக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைகிறது.

இறுகுவதோடு முடிவதில்லை. ஆழமாக வெந்த இடத்தில் வியர்வைச் சுரப்பிகள் அழிந்துவிடுகின்றன. மெல்லியதாகச் சீவி ஒட்டிய தோலோடு அவை திரும்பி வருவதில்லை. உடலில் பெரும்பகுதி வெந்தவருக்குச் சூட்டை வெளியேற்றும் வழி குறைகிறது. சென்னையின் கத்திரி வெயிலில் இது வெறும் அசௌகரியம் என்ற நிலையைத் தாண்டி உயிருக்கே ஆபத்தாகலாம். அரிப்பு பெரும்பாலானோரைப் பல மாதங்கள் தூங்கவிடாது. சொறிந்த இடம் மீண்டும் புண்ணாகும். உடலில் பெரும்பகுதி வெந்தவர்களிடம் உடலின் எரிசக்திச் செலவு மிகைப்பட்டு, தசை கரைவது ஓர் ஆண்டுக்கு மேலும் நீடிப்பதை ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. ஆறாமல் திரும்பத் திரும்பப் பிளக்கும் பழைய தழும்பில் பல பத்தாண்டுகள் கழித்துப் புற்றுநோய் தோன்றுவதும் உண்டு. மருத்துவ நூல்கள் அதை மார்ஜோலின் புண் என்று குறிக்கின்றன. இத்தனையும் 'ஆறிய' காயத்தின் கதை.

2. 'ஓய்வாக இருந்தால் சரியாகிவிடும்'

எந்த ஓய்வு? தீக்காயப் பராமரிப்பில் மாறாத விதி ஒன்று உண்டு: வலி தெரியாத நிலை எதுவோ, அந்த நிலையிலேயே மூட்டு இறுகிப்போகும். கழுத்து வெந்தவருக்குத் தலையணை வைத்துப் படுத்தால் சுகம். கழுத்து மார்போடு ஒட்டுவதற்கும் அதுவே வழி. அக்குள் வெந்தவருக்குக் கையை உடம்போடு அணைத்துக்கொண்டால் வலி குறையும். அப்படியே கை உடம்போடு ஒட்டிப்போகும். அன்பு மிகுந்த குடும்பம் 'வலிக்குதுன்னா விடு' என்று சொல்லும் ஒவ்வொரு நாளும் நோயாளியின் அசைவில் ஒரு பங்கு போகிறது.

இந்தக் கட்டத்துக்குத் தேவை ஓய்வுக்கு நேரெதிரான உழைப்பு. தலையணையை எடுத்துவிட்டுத் தோளுக்கு அடியில் துணிச்சுருள் வைக்க வேண்டும். கையை விரித்து வைக்க வேண்டும். இரவில் மூட்டை நீட்டிப் பிடிக்கும் ஸ்ப்ளிண்ட் கட்ட வேண்டும். நாளுக்குப் பல முறை, வலியையும் மீறி, மூட்டை முழு அளவுக்கு நீட்டி மடக்க வேண்டும். தழும்பை எண்ணெயோ ஈரப்பசை மருந்தோ தடவி அழுத்தித் தேய்க்க வேண்டும். உடம்போடு ஒட்டி இறுக்கும் பிரஷர் கார்மென்டைக் குளிக்கும் நேரம் தவிர நாளுக்கு ஏறத்தாழ 23 மணி நேரம், ஓர் ஆண்டுக்கு மேல் அணிய வேண்டும். சில மாதங்களில் அதன் இழுவை தளர்ந்துவிடும். புதிதாக அளவெடுத்துத் தைக்க வேண்டும்.

சென்னை மே மாதத்தில் இதை ஒருவர் கழற்றி எறிந்தால் அவருக்கு அக்கறை இல்லை என்று பொருள் கொள்ளக் கூடாது. எந்த நேரத்தில் கழற்றலாம், எந்தத் துணி தாங்கும், அரிப்புக்கு என்ன மருந்து, அளவு தளர்ந்தால் யாரிடம் போவது என்பதையெல்லாம் சொல்ல ஆள் இல்லை என்பதே பெரும்பாலும் காரணம். அந்த ஆளை ஏற்பாடு செய்யாமல் 'சொன்னோம், செய்யவில்லை' என்று நோயாளி மீது பழி போடுவது நேர்மையாகாது.

உணவிலும் இதே தவறு நடக்கிறது. முட்டை சீழ் வைக்கும், மீன் அரிப்பைக் கிளப்பும் என்று மாதக்கணக்கில் பத்தியம் போடும் வீடுகள் இன்றும் உண்டு. தசை கரைந்துகொண்டிருக்கும் உடலுக்கு வழக்கத்தைவிடக் கூடுதலான புரதம் வேண்டும். முட்டையையும் மீனையும் பருப்பையும் குறைக்கும் பத்தியம் ஒட்டிய தோலையும் பலவீனப்படுத்தும், பயிற்சிக்கு வேண்டிய தெம்பையும் எடுத்துவிடும். மரபு மீது கொண்ட மதிப்பு இதற்குச் சமாதானமாகாது.

3. 'குழந்தைதானே, வளர வளர மறையும்'

வளர்வது குழந்தை, தழும்பு அதனோடு சேர்ந்து வளராது. எலும்பு நீளும்போது நெகிழாத தழும்பு அதைப் பிடித்து இழுக்கிறது. மூன்று வயதில் கொதிக்கும் ரசம் கொட்டி நன்றாக ஆறிய கை, எட்டு வயதில் மறுபடி மடங்கத் தொடங்கலாம். விரல் கோணலாம், பருவ வயதில் மார்பின் வளர்ச்சி தடைபடலாம். அதனால்தான் குழந்தைத் தீக்காயத்தில் வளர்ச்சி முடியும்வரை தொடர் பரிசோதனையும், தேவைப்படும்போது இறுக்கத்தை விடுவிக்கும் அறுவையும் சிகிச்சையின் உள்ளடக்கமாகவே கருதப்படுகின்றன. பெரியவர்களுக்குச் சொல்லும் இரண்டு ஆண்டுக் கணக்கு குழந்தைக்குப் பதினைந்து ஆண்டாகவும் நீளும்.

கும்பகோணம் இதற்குச் சான்று. 2004 ஜூலை 16 அன்று ஸ்ரீகிருஷ்ணா பள்ளியின் கூரை எரிந்து 94 குழந்தைகள் இறந்தார்கள். தமிழ்நாடு ஒவ்வோர் ஆண்டும் அந்த எண்ணைச் சொல்லி அஞ்சலி செலுத்துகிறது. அதே தீயில் காயத்தோடு தப்பிய 18 குழந்தைகள் இருந்தார்கள் என்பது எத்தனை பேர் நினைவில் இருக்கிறது? அந்தக் குழந்தைகளின் உடம்பு அந்தத் தழும்போடுதான் பருவமடைந்தது. அந்த முகத்தோடுதான் அவர்கள் அடுத்த பள்ளிக்கும் கல்லூரிக்கும் போக வேண்டியிருந்தது. இறந்தவர்களை நினைப்பது கடமை. தப்பியவர்களை மறப்பது அந்தக் கடமைக்குள் அடங்காது. விசாரணை ஆணையமும் வழக்கும் விதிமுறைகளும் அடுத்த தீயைத் தடுப்பதற்கானவை. எரிந்தவர்களை வளர்த்தெடுக்கும் பொறுப்பு அவற்றால் தீராது.

4. 'மனசைக் காலம் ஆற்றும், பழசைக் கிளறாதே'

காலம் தானாக ஆற்றும் என்பதை மருத்துவ வரலாறே பொய்யாக்கியிருக்கிறது. 1942 நவம்பர் 28 அன்று அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் கோகோநட் குரோவ் என்ற கேளிக்கை விடுதி எரிந்து 492 பேர் இறந்தார்கள். தப்பியவர்களையும் உறவை இழந்தவர்களையும் கவனித்த மனநல மருத்துவர் எரிக் லிண்டமன் 1944இல் வெளியிட்ட கட்டுரை, துயரத்தை மருத்துவமாக அணுகும் துறைக்கே அடித்தளமானது. உடல் தேறி வீடு திரும்பிய ஒருவர், மனைவியைக் காப்பாற்றத் தவறிவிட்டோம் என்ற குற்றவுணர்வு முற்றி உயிரை மாய்த்துக்கொண்டதையும் அவர் பதிவு செய்தார். தோல் ஆறிய பிறகுதான் அந்த மரணம் நேர்ந்தது. பேசாமல் அடக்கிய துயரம் தணிவதில்லை, வேறு உருவில் வெளிப்படுகிறது என்பதே லிண்டமன் கண்ட உண்மை.

தீ நினைவில் திரும்பத் திரும்ப எரிவது, அடுப்பு பற்றவைக்கும் சத்தத்துக்கே உடல் நடுங்குவது, தூக்கம் போவது, எரிச்சல், தனிமை, கணவன் மனைவி நெருக்கத்தில் அச்சம்: இவை தீக்காயத்துக்குப் பின் வரும் அறியப்பட்ட நோய்க்குறிகள். சிகிச்சையால் குறையக்கூடியவை. மன உறுதி இல்லாதவருக்கு வருபவை என்ற எண்ணம் தவறு. இன்னொன்றும் கவனிக்க வேண்டியது: மனத்துன்பத்தின் அளவு 'பர்சன்ட்' கணக்கைப் பின்பற்றுவதில்லை. 10 விழுக்காடு வெந்தவர் முடங்கிப்போகலாம், 50 விழுக்காடு வெந்தவர் ஊன்றி எழலாம். எனவே 'சின்னக் காயம்தானே' என்று யாரையும் விலக்காமல் எல்லோரையும் கேட்டறிவதே சரியான முறை.

பெண்கள் விஷயத்தில் மௌனம் இன்னும் கொடியது. லான்செட் இதழில் 2009இல் வந்த ஆய்வு, 2001ஆம் ஆண்டில் இந்தியாவில் தீயால் நேர்ந்த மரணங்களை 1,63,000க்கு மேல் என்று மதிப்பிட்டது. அவற்றில் ஏறத்தாழ 1,06,000 பெண்களுடையவை, பெரும்பாலும் 15 முதல் 34 வயதுக்கு உட்பட்டவர்கள். இவை எல்லாமே விபத்து என்று நம்ப யாராலும் முடியாது. 'ஸ்டவ் வெடிச்சிடுச்சு' என்ற ஒரே வாக்கியம் எத்தனை வாக்குமூலங்களில் ஏறியிருக்கிறது என்பதைத் தீக்காய வார்டை அறிந்த எவரும் அறிவர். பிள்ளைகள் கணவன் வீட்டில் இருக்கும்போது, திரும்பிப் போக வேறு வீடு இல்லாதபோது, அந்த வாக்கியத்தைத் தவிர அவளால் என்ன சொல்ல முடியும்?

சட்டமும் அவள் இறந்தால்தான் முழுக்க விழிக்கிறது. மணமாகி ஏழு ஆண்டுக்குள் மனைவி இறந்தால் ஆர்.டி.ஓ. விசாரணை நடக்கும், வரதட்சணை மரணப் பிரிவு பாயும். வார்டில் மாஜிஸ்திரேட் பதிவு செய்த வாக்குமூலம் அவள் இறந்தால் மரண வாக்குமூலமாகித் தனித்தே தண்டனைக்குப் போதுமானதாகலாம். அவள் பிழைத்துவிட்டால் அதே வாக்குமூலம் அந்தத் தகுதியை இழந்து முந்தைய வாக்குமூலமாக மட்டும் நிற்கிறது. அவளே நீதிமன்றம் ஏறிச் சொல்ல வேண்டும். எரித்தவரோடு ஒரே கூரையில் இருந்துகொண்டு அதைச் சொல்வது எப்படி? 'பழசைக் கிளறாதே' என்ற அறிவுரை இங்கே யாரைக் காக்கிறது என்று கேட்டால் போதும். சென்னையில் பி.சி.வி.சி. அமைப்பு வன்முறையால் எரிந்த பெண்களுக்கு உளவியல் ஆலோசனை, சட்ட உதவி, பாதுகாப்பான தங்குமிடம் ஆகியவற்றைச் சேர்த்துத் தரும் முறையைக் கையாளுவதற்குக் காரணம் இதுவே. அந்தப் பெண்களின் மனம் ஆறுவதற்கு முதல் நிபந்தனை பாதுகாப்பு.

5. 'ஊர் அப்படித்தான் பார்க்கும், வீட்டோடு இருப்பதே நல்லது'

ஊர் பார்ப்பதை மாற்ற முடியாதா? இரண்டாம் உலகப் போரின்போது இங்கிலாந்தின் ஈஸ்ட் கிரின்ஸ்டெட் என்ற சிற்றூர் அதை மாற்றிக் காட்டியது. விமானத் தீயில் முகமும் கையும் உருக்குலைந்த படைவீரர்களுக்கு அங்கே குயின் விக்டோரியா மருத்துவமனையில் அறுவை செய்தவர் ஆர்ச்சிபால்ட் மெக்கிண்டோ. அவர் கத்தியோடு நிற்கவில்லை. நோயாளி உடுப்புக்குப் பதில் படைச் சீருடையை அணிய விட்டார். சிகிச்சை நடந்துகொண்டிருக்கும்போதே அவர்களை ஊருக்குள் அனுப்பினார். உறுத்துப் பார்க்காமல், வீட்டுக்கும் விடுதிக்கும் அழைத்துப் பேசுமாறு ஊர்க்காரர்களைப் பழக்கினார். நோயாளிகள் 1941இல் தொடங்கிய கினி பிக் கிளப்பில் போர் முடிவதற்குள் 649 பேர் சேர்ந்தார்கள். அங்கே மாறியது காயப்பட்டவரின் முகம் மட்டும் இல்லை. ஊரின் பார்வையும் மாறியது. அதற்கு ஒரு மருத்துவர் திட்டமிட்டு உழைத்தார்.

சென்னையிலும் சான்றுகள் உண்டு. 1992இல் அமில வீச்சுக்கு ஆளான ஐ.ஏ.எஸ். அதிகாரி வி. எஸ். சந்திரலேகா ஒதுங்கிப்போகவில்லை, அரசியலுக்கு வந்து ஜனதா கட்சியின் தமிழ்நாட்டுத் தலைவராக இருந்தார். பதவியும் வசதியும் சிகிச்சையும் அவருக்கு வாய்த்தன என்று மறுமொழி சொல்லலாம். அது இந்த வாதத்துக்கு வலுவே சேர்க்கிறது: ஆதரவு கிடைத்தவர் எழுகிறார் என்றால், எழாதவருக்கு இல்லாதது ஆதரவுதான். அதே ஆதரவை வசதியற்ற பெண்களுக்கும் தர முடியும் என்பதை உணவகத் தொழிலதிபர் எம். மகாதேவனும் பி.சி.வி.சி.யும் இணைந்து பீட்டர்ஸ் சாலையில் நடத்திய ரைட்டர்ஸ் கஃபே காட்டியது. தீக்காயத்திலிருந்து மீண்ட பெண்கள் அங்கே பேக்கரி வேலை பயின்று, ஊர் மக்கள் வந்து உட்காரும் இடத்திலேயே சம்பளத்துக்கு வேலை செய்தார்கள்.

ஓர் உணவகத்தால் செய்ய முடிந்ததைத் தி.நகரின் ஜவுளிக்கடைகளும் நகைக்கடைகளும் ஏன் செய்யக் கூடாது? ஆயிரக்கணக்கில் ஆள் எடுக்கும் கடைத்தெரு அது. 'வாடிக்கையாளர் முகம் சுளிப்பார்' என்பது சோதித்துப் பாராத அனுமானம். தினம் பார்க்கும் முகம் சில நாட்களில் பழகிவிடும். ஒளித்துவைத்த முகம்தான் எப்போதும் அதிர்ச்சி தரும். மேலைநாட்டு ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த மதிப்பீடு ஒன்று, தீக்காயப்பட்டவர்களில் கால்வாசிக்கு மேற்பட்டோர் எந்த வேலைக்கும் திரும்புவதில்லை என்கிறது. ஓய்வூதியமும் காப்பீடும் பரவலாக உள்ள நாடுகளின் நிலை அது. நாள்கூலியை நம்பும் குடும்பத்தில் வேலையிழப்பு சோற்றிழப்பாகவே முடியும்.

6. 'அதற்குத்தான் சட்டம் இருக்கிறதே'

யாருக்கு இருக்கிறது? அமில வீச்சுக்கு ஆளானவர்களுக்காக லட்சுமி என்ற பெண் தொடுத்த வழக்கில் 2013 ஜூலை 18 அன்று உச்ச நீதிமன்றம் குறைந்தது 3 லட்சம் ரூபாய் இழப்பீடு என்று ஆணையிட்டது. 2015இல் தனியார் மருத்துவமனைகளும் அவர்களுக்கு இலவசமாகச் சிகிச்சை தர வேண்டும் என்றது. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016 தான் வரையறுக்கும் 21 வகைகளில் அமில வீச்சுக்கு ஆளானவர்களையும் சேர்த்தது. இவை போராடிப் பெற்ற உரிமைகள். இன்னும் வலுப்பட வேண்டியவை.

ஆனால் அந்த வரையறை, அமிலத்தையோ அது போன்ற அரிக்கும் பொருளையோ வீசி நடத்தும் தாக்குதலால் உருக்குலைந்தவரைத்தான் குறிக்கிறது. மண்ணெண்ணெய் ஊற்றி எரிக்கப்பட்டவளும், சிலிண்டர் வெடித்து முகம் வெந்தவரும், சிவகாசிப் பட்டாசு ஆலையில் எரிந்த தொழிலாளியும் அந்தச் சொற்களுக்குள் வருவதில்லை. அவர்கள் கை கால் இயக்கத்தில் 40 விழுக்காடு ஊனம் என்று காட்டினால்தான் சட்டத்தின் முக்கியச் சலுகைகளுக்கு வழி திறக்கும். மூட்டுகள் எல்லாம் அசைந்து, முகம் மட்டும் சிதைந்தவருக்கு வேலை மறுக்கப்படுகிறது, ஊனமும் மறுக்கப்படுகிறது. ஒரே மாதிரித் தழும்பு, ஒரே மாதிரி ஒதுக்கம். எரித்த பொருள் வேறு என்பதால் உரிமையும் வேறாகலாமா? அமில வீச்சுக்கு ஆளானவரின் உரிமையில் ஒன்றும் குறைக்காமல் வரையறையை விரிவாக்குவதே இதற்குத் தீர்வு.

அன்றாட நிர்வாகமும் இதே கதைதான். விரல்ரேகை அழிந்தவரிடம் ரேஷன் கடை விரல் வைக்கச் சொல்கிறது. இமை வெந்தவரிடம் வங்கிச் செயலி கண் சிமிட்டச் சொல்கிறது. 2025 ஏப்ரல் 30 அன்று பிரக்யா பிரசூன் வழக்கில் உச்ச நீதிமன்றம், டிஜிட்டல் சேவையை அணுகுவது வாழ்வுரிமையின் பகுதி என்று கூறி, முகம் உருக்குலைந்தவர்களுக்கும் ஏற்றபடி கே.ஒய்.சி. என்ற அடையாளச் சரிபார்ப்பு முறைகளை மாற்ற 20 வழிகாட்டுதல்களைப் பிறப்பித்தது. கணக்குத் தொடங்கும் உரிமைக்காக உச்ச நீதிமன்றம்வரை போக நேர்ந்ததே, டிஸ்சார்ஜோடு எல்லாம் முடிந்தது என்ற வாதத்துக்குப் போதுமான மறுப்பு.

7. 'இதற்கெல்லாம் பணம் ஏது?'

எதிர்த்தரப்பின் வலிமையான வாதம் இது. ஐ.சி.யு. படுக்கையே போதாதபோது ஸ்ப்ளிண்டுக்கும் ஆலோசனைக்கும் பணம் ஒதுக்குவது ஆடம்பரம் என்கிறார்கள். கணக்கை ஓர் ஆண்டுக்கு மட்டும் போட்டால் அப்படித் தோன்றும். ஐந்து ஆண்டுக்குப் போட்டால் தலைகீழாகும். இறுகிய கழுத்தை விடுவிக்க மயக்க மருந்து, அறுவை அரங்கு, மீண்டும் தோல் ஒட்டு, மீண்டும் படுக்கை வேண்டும். அதில் பெருமளவைத் தவிர்க்க வல்லது தொடக்கத்தில் தரும் ஸ்ப்ளிண்டும் பிசியோதெரபியும். அறுவைக்குப் பிறகும் அவை இல்லாவிட்டால் மறுபடி இறுகும். பயிற்சியைச் சேமிப்பதாக நினைத்து அறுவைக்குச் செலவிடுவது சிக்கனமாகாது. வேலைக்குத் திரும்ப முடிந்தவரை வீட்டில் முடக்குவதால் குடும்பம் இழக்கும் கூலியையும், அவரைப் பார்த்துக்கொள்ள இன்னொருவர் இழக்கும் கூலியையும் இந்தக் கணக்கில் எழுத வேண்டும்.

வழிமுறை தெரியாது என்றும் சொல்ல முடியாது. நீண்டகாலத் தொடர் சிகிச்சையை இந்த நகரமே நாட்டுக்குக் கற்றுத்தந்திருக்கிறது. முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியில் 1954இல் எழுந்த அடையாறு புற்றுநோய் நிலையம், சென்னைப் பெருநகரப் புற்றுநோய்ப் பதிவேட்டை 1980களின் தொடக்கத்திலிருந்து நடத்துகிறது. புற்றுநோயில் வெற்றி என்பதை டிஸ்சார்ஜ் நாளை வைத்து யாரும் அளப்பதில்லை. ஐந்து ஆண்டு கழித்து நோயாளி எப்படி இருக்கிறார் என்று கேட்கிறார்கள். அதே அடையாறில் ஆந்திர மகிள சபா இளம்பிள்ளை வாதத்தால் கால் சூம்பிய குழந்தைகளை ஆண்டுக்கணக்கில் பயிற்றி நடக்க வைத்தது. கே.கே.நகரில் அரசு புனர்வாழ்வு மருத்துவ நிலையம் இருக்கிறது. 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' பிசியோதெரபிஸ்ட்டை வீட்டுக்கே அனுப்புகிறது. இவற்றைத் தீக்காய வார்டோடு இணைக்கும் முடிவுதான் எஞ்சியிருக்கிறது.

முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டம் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய்வரை சிகிச்சைக்கு வழி செய்கிறது. உயிர் காக்கும் அறுவைக்கு அது பெருந்துணை. தீக்காயத்தின் இரண்டாம் கட்டம் ஒரே ஓர் அறுவையாக இல்லாமல் தினமும் சிறிது சிறிதாக இரண்டு ஆண்டுக்கு நடப்பதால், அதற்கென்றே தொடர்பராமரிப்புத் தொகுப்பு வேண்டும்: ஸ்ப்ளிண்ட், மூன்று நான்கு மாதத்துக்கு ஒரு முறை புதிய பிரஷர் கார்மென்ட், சிலிகோன் பூச்சு, அரிப்பு மருந்து, பிசியோதெரபி, மனநல ஆலோசனை.

இந்த ஏழு மறுப்புகளிலிருந்தும் பெறப்படுவது ஒரே முடிவு: தீக்காய சிகிச்சையின் வெற்றியை அளக்கும் அலகு மாற வேண்டும். எத்தனை பேர் உயிரோடு வெளியேறினார்கள் என்பதோடு, இரண்டு ஆண்டு கழித்து எத்தனை பேர் கையைத் தலைக்கு மேல் தூக்குகிறார்கள், எத்தனை பேர் பள்ளிக்கோ வேலைக்கோ திரும்பியிருக்கிறார்கள், எத்தனை பேர் அச்சமில்லாத வீட்டில் இருக்கிறார்கள் என்பதையும் வார்டு பதிந்து வெளியிட வேண்டும். டிஸ்சார்ஜ் சீட்டில் மருந்துப் பட்டியலுக்குக் கீழே ஐந்து விவரங்கள் கட்டாயமாக இருக்க வேண்டும்: எந்த மூட்டுக்கு என்ன பயிற்சி, ஸ்ப்ளிண்டும் கார்மென்டும் எங்கே எப்போது கிடைக்கும், அடுத்த இரண்டு ஆண்டுக்கான (குழந்தையானால் வளர்ச்சி முடியும்வரைக்கான) பரிசோதனை நாட்கள், மனநல ஆலோசகரைச் சந்திக்கும் தேதி, திரும்பிச் செல்லும் வீடு பாதுகாப்பானதா என்று தனியாகக் கேட்டதற்கான பதிவு. இந்த ஐந்தும் நிரம்பாத சீட்டோடு ஒருவரை அனுப்பினால் அவருடைய சிகிச்சை பாதியில் நிறுத்தப்பட்டது என்றே கொள்ள வேண்டும்.